ஆறு புள்ளி எட்டு

அத்தியாயம் 9

மீன்கள் செத்த செய்தி வருவதற்கு முன்பு பயூமியும் அவன் மனைவி ரதீபாவும் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், ஒரு வெங்காயத்தாளுக்காகச் சண்டை போட்டதுதான்.

அன்று ஷம்முன்னசீம், எகிப்தின் வசந்தத் திருநாள். உப்பில் ஊறி ஊரைக் கூட்டும் ஃபசீக் மீனை ரொட்டியில் சுருட்டித் தின்ன, பச்சை வெங்காயத்தாள் இல்லாமல் முடியாது. தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள்.

"விடு பயூமி. நீ ஏற்கெனவே அஞ்சு தின்னாச்சு."

"நாலு."

"அஞ்சு. எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"உஸ்தா, பண்டிகை நாள்லயாவது துப்பறியற வேலைக்கு லீவு விடக் கூடாதா?"

புருல்லுஸ் ஏரிக்கரையில் ஹாஜ் ஷலபியின் மீன் பண்ணை. காவல்காரர் அவதல்லாவின் நாணல் குடிசை வாசலில் விருந்து. மீனை அரிய குடிசைக்குள் இருந்த ஒரே மேசை பழைய இரும்பு மேசை. ஃபசீக்கின் நாற்றம் இரும்பில் ஏறினால் அடுத்த திருநாள் வரை இறங்காது என்பதால், பயூமி ஊரிலிருந்தே எலுமிச்சம்பழப் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை அன்பளிப்பாக வாங்கி வந்திருந்தான். மேசையிலிருந்த இரண்டு தகரப் பெட்டிகளைத் தூக்கி, விரிப்பைப் போட்டு, பெட்டிகளை மறுபடி அதன் மேல் வைத்தவனும் அவனே. "பார்த்தீங்களா மாமா, இப்பதான் குடிசைக்கு ஒரு களை வந்திருக்கு" என்று அவதல்லாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று சென்சாருடையது. குளத்துக்குள் முங்கியிருக்கும் முனை, தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அளந்து அந்தப் பெட்டிக்கு அனுப்பும். மற்றது பயூமி தன் கையால் செய்தது. உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை. அது சென்சார் பெட்டியிடம் நிமிடத்துக்கொரு தரம் அளவைக் கேட்டு, எண்ணாகக் காட்டும். எண் மூன்றுக்குக் கீழே போனால் காற்றுச் சக்கரத்தைச் சுழலவிட்டு மீன்களுக்கு மூச்சு கொடுக்கும். 

அவர்கள் கிளம்பும்போது எண் 6.8.

பல்தீம் ஊரில் அவர்களுடைய பழுதுபார்க்கும் கடையின் பலகையில் பயூமியின் பெயர் பெரிதாகவும் ரதீபாவின் பெயர் சிறிதாகவும் எழுதியிருக்கும். வேலையின் பங்கு அப்படியே தலைகீழ். நின்றுபோன எதையும் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது ரதீபா. பயூமியின் பணி, திருப்புளி எடுத்துக் கொடுப்பது, டீ சொல்வது, தேவையில்லாத நேரத்தில் ஜோக்கடிப்பது. இருந்தாலும் ஊரார் இருவரையும் உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹாஜ் ஷலபியின் போன்.

"பயூமி, உடனே வா. குளம் முழுக்க மீன் மல்லாந்து கெடக்கு. அந்த அவதல்லா தூங்கித் தொலைச்சிருக்கான். மெஷின்ல எந்தக் குத்தமும் இல்லேன்னு நீ ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டுக் குடு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் போலீஸ் அதிகாரி வர்றாரு."

பயூமி போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டான். அது நிம்மதிப் பெருமூச்சு என்பதை ரதீபா கவனித்தாள் என்பதை அவனும் கவனித்தான்.

* * *

குளத்தில் வெள்ளை வயிறுகள். ஆட்கள் வலை போட்டு அள்ளிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். குடிசை வாசலில் அவதல்லா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று மூட்டைகள், ஒரு பாய், ஒரு கோழிக்கூண்டு. பதினொரு வருடக் குடித்தனம் அவ்வளவுதான். ஹாஜ் அவரைக் காலையிலேயே கிளம்பச் சொல்லிவிட்டார். போலீஸ் காகிதத்தில் பெயர் ஏறிவிட்டால், ஏரியைச் சுற்றி வேறெந்தப் பண்ணையும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

"நான் தூங்கலை உஸ்தா ரதீபா. என் புள்ளைங்க மேல சத்தியம். நம்பரைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"தெரியும் மாமா. உட்காருங்க" என்றாள் ரதீபா. 

"எப்படித் தெரியும்? வந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலை" என்று பயூமி கிசுகிசுத்தான்.

"தெரியாது. ஆனா மனுஷன் அழுதுட்டிருக்காரு இல்ல?"

ஹாஜ் ஷலபி உள்ளே அழைத்துப் போனார். சிவந்த கண்கள். மூன்றாம் நாள் அறுவடை என்று வியாபாரிகளுக்குச் சொல்லி வைத்திருந்த மனிதர். ஒரு நோட்டை மேசை மேல் வீசினார்.

"இதப் பாரு. மணிக்கொரு தரம் நம்பரை எழுதி வைடான்னா, அய்யா என்ன பண்ணியிருக்காருன்னு பாரு."

இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை ஒன்பது வரிகள். ஒன்பதிலும் 6.8.

"ஒரே மூச்சுல ஒம்பதையும் எழுதிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கான். ராத்திரி பூரா குளத்துல காத்து மாறாமலே இருக்குமா? நீயே சொல்லு பயூமி."

"இருக்கவே இருக்காது ஹாஜ்ஜி" என்றான் பயூமி உற்சாகமாக. "இப்ப மெஷினைப் பாருங்க. எவ்வளவு அழகா ஓடிக்கிட்டிருக்கு! பளிச்சுனு காட்டுது பாருங்க, ஆறு புள்ளி..."

வாய் தானாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம் நிறையச் செத்த மீன். மேசை மேல் அவன் பெட்டி 6.8 காட்டிக்கொண்டிருந்தது.

"முடி" என்றாள் ரதீபா. "ஆறு புள்ளி?"

"எட்டு" என்றான் பயூமி, தரையைப் பார்த்து.

ஹாஜுக்கு உடனே பிடிபடவில்லை. அவர் காகிதத்தையும் பேனாவையும் பயூமியின் கையில் திணித்தார். ரதீபா அந்தப் பேனாவைக் கணவனின் விரல்களிலிருந்து உருவி, தன் தலைமுக்காட்டின் ஓரத்தில் செருகிக்கொண்டாள்.

"ஹாஜ்ஜி, ஒரு கேள்வி. நம்ம பயூமி கடைக்கு லேட்டா வந்தா என்ன காரணம் சொல்லுவான் தெரியுமா? முத நாள் டுக்டுக் பஞ்சர். மறுநாள் பாலத்துல மாடு. அதுக்கு மறுநாள் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. சித்தப்பா செத்து ஆறு வருஷமாச்சு."

"இப்ப எதுக்கு என் மானத்தை வாங்கறே?"

"பொய் சொல்றவன் மாத்தி மாத்திதான் சொல்லுவான். அப்பதான் நம்பற மாதிரி இருக்கும். அவதல்லா மாமா படுத்துக்கிட்டு எழுதியிருந்தா ஆறரை, ஆறு, அஞ்சே முக்கால்னு எறக்கி எறக்கி எழுதியிருப்பாரு. ஒம்பது தடவை ஒரே நம்பரை எழுதறதுக்கு, ஒண்ணு மடையனா இருக்கணும், இல்ல பார்த்ததை எழுதறவரா இருக்கணும்."

"மடையனாவே இருக்கட்டுமே" என்றார் ஹாஜ்.

"இருக்கட்டும். ஆனா இந்த டீக்கறையைப் பாருங்க." நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தாளின் நடுவில் கிளாஸ் வைத்த வட்டம். "முதல் நாலு வரியோட எழுத்தை டீ கலைச்சிருக்கு. அஞ்சாவது வரி காஞ்ச கறை மேல எழுதினது, கலையவே இல்லை. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு மனுஷன் டீ குடிச்சிருக்காரு, அது காயற வரைக்கும் முழிச்சிருந்திருக்காரு. அப்புறம் ஏழாவது வரில ஒரு கொசு நசுங்கியிருக்கு. அதையும் எழுப்பி விசாரிக்கணுமா?"

ஹாஜ் நோட்டை வாங்கிப் பார்த்தார். வெளியே ஆட்கள் கூப்பிட்டார்கள். மீனைப் புதைக்கக் குழி எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். "அஸர் வரைக்கும் நேரம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடிசையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அவதல்லா பழக்கதோஷத்தில் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

"ஏன் மாமா, மீன் மேல வந்து வாயைப் பொளக்கறதைப் பார்க்கலையா?" என்று ரதீபா மெதுவாகக் கேட்டாள்.

"விடியறதுக்கு முன்னாடி தண்ணில சலசலப்பு கேட்டுது. முன்னெல்லாம்னா ஓடிப்போய் சக்கரத்தைப் போட்டிருப்பேன். ஆனா..." அவர் பயூமியைப் பார்த்தார், பார்த்ததற்காக வெட்கப்பட்டவர் போல உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்பரை மட்டும் பாருங்க, மத்ததை மெஷின் பார்த்துக்கும்னு உஸ்தா சொல்லியிருந்தாரு. நம்பர் நல்லாத்தான் இருந்துது. வெளையாடுதுங்கன்னு நெனைச்சேன். பாங்கு சொன்னப்போ டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அப்புறம் கையாலதான் சக்கரத்தைப் போட்டேன். காலைல வலை போடறப்போ நிறுத்திட்டாங்க."

அந்தக் கணத்தில் குளத்து மீன்களோடு சேர்ந்து மல்லாந்துவிடலாம் என்று பயூமிக்குத் தோன்றியது.

* * *

"முதல் சந்தேக நபர் யாரு?" என்றாள் ரதீபா, கணினியைத் திறந்தபடி.

"எலி. கம்பியைக் கடிச்சிருக்கும்."

கம்பி முழுசாக இருந்தது.

"ரெண்டாவது?"

"பேசற கம்பியும் கேக்கற கம்பியும் மாறியிருக்கும். நேத்து பெட்டியைத் தூக்கினப்போ..."

மாறவில்லை. இவன் பேசுவது அவன் காதுக்கும், அவன் பேசுவது இவன் காதுக்கும் சரியாகத்தான் போயின. பயூமி அதை நம்பாமல் மாற்றிப் போட்டான், பயனில்லை. மறுபடி மாற்றினான். வேகத்தைச் சோதித்தான். இரண்டு பெட்டிகளும் ஒரே வேகத்தில் பேசத்தான் பழக்கப்பட்டிருந்தன.

"சென்சார் செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னான். குரலில் மறைக்க முடியாத நம்பிக்கை. சென்சார் வேறு யாரோ செய்தது.

ரதீபா தன் கேபிளால் சென்சார் பெட்டியை நேராகக் கணினியோடு இணைத்தாள். திரையில் வரி வரியாக எண்கள் கொட்டின. 1.9. 1.9. 2.0.

"பொணம் நல்லாப் பேசுதே" என்றாள்.

அடுத்து பயூமியின் பெட்டியை இணைத்தாள். அது நிமிடத்துக்கொரு தரம் ஒழுங்காக "எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கணினியிலிருந்து அவள் ஐந்து என்று அனுப்பினாள். பெட்டி 5.0 காட்டியது. 6.8 என்று அனுப்பினாள். 6.8 காட்டியது. கேபிளைப் பிடுங்கினாள். அப்போதும் 6.8.

"இது என்ன பயூமி? பதிலே வரலை. ஆனா உன் பெட்டி பதில் வந்த மாதிரியே காட்டுது."

"அது... பதில் வரலேன்னா கடைசியாக் கேட்ட நம்பரையே காட்டிக்கிட்டிருக்கும். நான்தான் அப்படி எழுதினேன். வெறுமையா இருந்தா பார்க்கறவங்க பயந்துடுவாங்கன்னு."

"நல்ல மனசு" என்றாள் ரதீபா. அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆகப் பொய் சொன்னது யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டும் ஏன் பேச்சை நிறுத்தின என்பது தெரியவில்லை. மறுபடி இரண்டையும் இணைத்து விரிப்பின் மேல் வைத்தார்கள். அமைதி.

"விநோதமா இருக்கே" என்றான் பயூமி. "சென்சார் உன்கிட்டப் பேசுது. பெட்டியும் உன்கிட்டப் பேசுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மட்டும் பேசாது. நம்ம வீட்டுல போன ரமதான்ல நடந்த மாதிரியே இருக்கு. நீ எங்கம்மாகிட்டச் சொல்லுவே, எங்கம்மா என்கிட்டச் சொல்லுவாங்க."

"அப்ப நம்ம சண்டை எப்படித் தீர்ந்துது?"

"நான் மன்னிப்புக் கேட்டேன்."

"அதான். யார் தப்பு பண்ணாங்களோ அவங்க கேட்டாங்க" என்றாள் ரதீபா, கம்பிகளிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவதல்லா டீ கொண்டு வந்தார். கணினி, கம்பிகள், நோட்டு, திருப்புளிகள் என்று மேசையில் இம்மி இடமில்லை. அவர் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். பயூமியின் கிளாஸில், வழக்கம்போல, மூன்று கரண்டி சர்க்கரை. காலி எஃகுத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "இப்படிக் குடுங்க மாமா" என்று ரதீபா தட்டை வாங்கி மேசையில் போட்டு, இரண்டு பெட்டிகளையும் அதன் மேல் தூக்கி வைத்து இடம் பண்ணினாள்.

ஒரு வாய் டீ குடித்தாள்.

பெட்டியில் எண் மாறியது. 2.1.

வெளியே தடதடவென்று ஒரு சத்தம். காற்றுச் சக்கரம், காப்பாற்ற யாருமில்லாத குளத்தில், தானாகவே சுழல ஆரம்பித்தது.

ரதீபா கிளாஸைக் கீழே வைத்தாள். ஒரு பெட்டியை எடுத்துப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தாள். எண் உறைந்து நின்றது. மறுபடி தட்டின் மேல் வைத்தாள். 2.2.

"டீத்தட்டு!" என்றான் பயூமி. "டீத்தட்டுக்கும் பிராணவாயுவுக்கும் என்ன சம்பந்தம்?"

ரதீபா தன் கேபிளின் முனையை அவன் கண்முன் பிடித்தாள். "இதுல எத்தனை கம்பி?"

"மூணு."

"நீ ரெண்டு பெட்டிக்கும் நடுவுல போட்டதுல?"

பயூமி பார்த்தான். பார்க்கத் தேவையே இல்லை. கடையில் மிச்சம் கிடந்த இரட்டைக் கம்பி. பேச ஒன்று, கேட்க ஒன்று, அப்புறம் எதற்கு மூன்றாவது என்று அன்றைக்குத் தோன்றியிருந்தது.

"ரெண்டு."

"மாடியில ஒருத்தன், பள்ளத்துல ஒருத்தன். 'ரெண்டு முழம் மேல'ன்னு ஒருத்தன் சொன்னா, எங்கேருந்து ரெண்டு முழம்? ரெண்டு பேரும் ஒரே தரையில நிக்கணும் இல்ல? ஒண்ணுக்கு பேட்டரி கரண்ட். இன்னொண்ணுக்கு சுவத்துக் கரண்ட். ரெண்டுக்கும் பொதுவான தரை எது?"

"மூணாவது கம்பி" என்றான் பயூமி, பரீட்சையில் தோற்றவன் குரலில். "அது இல்லாமலேதானே ஒரு வருஷமா நல்லா ஓடிச்சு?"

ரதீபா விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். கீழே இரும்பு மேசை. பெட்டிகள் ஒரு வருடம் உட்கார்ந்திருந்த இடங்களில் சாயம் உரிந்து வெறும் இரும்பு பளபளத்தது.

"இவ்வளவு நாளா இந்த மேசைதான் மூணாவது கம்பி. பெட்டியும் தகரம், மேசையும் இரும்பு. நேத்து மத்தியானம் யாரோ ஒருத்தர், குடிசைக்கு ஒரு களை வரட்டும்னு, நடுவுல எலுமிச்சம்பழத்தை விரிச்சுட்டாரு."

பயூமி துப்பறியும் கதைகள் நிறையப் படித்தவன். குற்றவாளியின் பெயர் தெரியவரும் கட்டத்தில் உடம்பு சிலிர்க்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பெயர் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் என்றால் சிலிர்க்காது, வியர்க்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கம்பியை மிச்சம் பிடித்தவன் அவன். பொய்யை எழுதி வைத்தவன் அவன். விரிப்பு வாங்கி வந்தவனும் அவன். ஒரு வழக்கில் மூன்று குற்றவாளிகள் இருப்பது உண்டு. மூன்று பேரும் ஒரே சட்டை போட்டிருப்பது அபூர்வம்.

குரலைத் தாழ்த்தினான். "ரதீபா. விரிப்பை எடுத்துட்டாப் போதும். எல்லாம் பழையபடி ஓடும். கரண்ட்ல ஏதோ கோளாறுன்னு பொதுவாச் சொல்லிடலாம். மாமாவும் தப்பிச்சுடுவாரு, நாமளும்..."

ரதீபா டீயைக் குடித்தாள். அவளுக்குப் பின்னால் அவதல்லா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பயூமியின் கிளாஸ் காலியானதைப் பார்த்து, கெட்டிலை எடுத்து வந்து நிரப்பினார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். கோபமாக இருந்தால் இரண்டோடு நிறுத்தியிருக்கலாம்.

வெளியே செருப்புச் சத்தம்.

"ஹாஜ்ஜி வர்றாரு" என்றாள் ரதீபா. "கண்டுபிடிச்சது என் வேலை. அது முடிஞ்சுது. டீ நல்லா இருக்கு மாமா."

பயூமி எழுந்தான். வாசலிலேயே ஹாஜ் ஷலபியை மறித்து, மூன்று குற்றங்களையும் ஒன்று விடாமல் சொன்னான். நடுவில் ஒரு ஜோக்கடிக்கப் பார்த்தான், வரவில்லை. அவன் அறிய, அவன் வாழ்க்கையில் ஜோக் வராத முதல் பேச்சு அது. சொல்லி முடித்தபின் அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான்.

ஹாஜ் உள்ளே வந்தார். பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்து விரிப்பில் வைத்தார். மறுபடி தட்டில் வைத்தார். எண் நிற்பதையும் நடப்பதையும் நாலு தரம் பார்த்தார். பிறகு கையெழுத்துக்காகக் கொடுத்த அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்தார்.

"அவதல்லா. காலைல நான் உன்னை என்னென்ன சொன்னேன்?"

"மறந்துட்டேன் ஹாஜ்ஜி."

"பொய்."

"ஆமா ஹாஜ்ஜி. ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு."

ஹாஜ் வாசலுக்குப் போய், குனிந்து, கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அது வழக்கமாக இருக்கும் மூலையில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வராது என்று ஏரிக்கரை முழுக்கத் தெரியும். இரண்டாவது மூட்டையைத் தூக்கப் போனவரை அவதல்லா ஓடிப்போய்த் தடுத்தார்.

"உன்னை என்ன பண்றது?" என்று ஹாஜ் பயூமியைப் பார்த்தார். "அடுத்த மீன் வளர்ற வரைக்கும் தினம் காலைல இங்க வா. உன் மெஷின் சொல்றது இருக்கட்டும். சலசலப்புன்னா என்ன, வெளையாட்டுன்னா என்னன்னு இவன்கிட்டக் கத்துக்கோ."

திரும்பும்போது டுக்டுக்கில் ரதீபா அந்தப் பேனாவைத் தலைமுக்காட்டிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"முதல்ல உன் பெட்டி ப்ரோக்ராம்ல அந்த வரியை அழி. பதில் வரலேன்னா வரலேன்னு காட்டட்டும். பயந்தாப் பயப்படட்டும்."

"சரி உஸ்தா."

"அப்புறம், அஞ்சு வெங்காயத்தாள்."

"நாலு."

"பயூமி."

"அஞ்சு" என்றான் பயூமி.

* * *

ரதீபா இறந்துபோய் இது மூன்றாவது ஷம்முன்னசீம். கடைசியாக ஒரு ஜனவரியில் மருத்துவமனைக்குப் போனபோதும் பையில் திருப்புளி இருந்தது. கட்டிலின் கைப்பிடி ஆடியதை அவளே முடுக்கினாள். கடைப் பலகையைப் பயூமி மாற்றி எழுதிவிட்டான். இப்போது அவள் பெயர் பெரிது. அவன் செய்யும் பெட்டிகளில் எல்லாம் மூன்று கம்பி. பதில் வராவிட்டால் ஒரு வெறுங்கோடு. தன்னிடம் மட்டும் அவன் பழைய வரியை அழிக்கவில்லை. திருப்புளியை எடுத்து நீட்டிவிட்டு, யாரும் வாங்காததைப் பார்த்து, தானே வைத்துக்கொள்கிறான்.

அவதல்லா கொடுத்த அந்த நோட்டுத் தாளை ரதீபாதான் கண்ணாடி போட்டு மாட்டினாள். கடைச் சுவரில் இன்னும் இருக்கிறது. நடுவில் டீ வட்டம், ஏழாவது வரியில் கொசு. ஒன்பது வரிகள், ஒன்பதிலும் 6.8.